பிஎஸ்2 ஃபேட்டா ஸ்லிம்மா? நம்மூருப் பக்கம் வெச்சு ஓட்டுனவங்க அனுபவம் சொல்லுங்க

அவிநாசிப் பையன்:

வணக்கமுங்க. என்ற அக்கா பையன் லீவுக்கு இங்க வர்றான், அவனுக்கு மொபைல்ல வெளையாடறது தவுர வேற ஒன்னும் தெரியாது. நாங்க பிஎஸ்2ல (சோனியோட பிளேஸ்டேசன் 2 வீடியோ கேம் பொட்டி) ஆடுன சான் ஆண்ட்ரியாஸ், ஸ்மாக்டவுன், கிரிக்கெட் 07 இதெல்லாம் டிவி முன்னால ஒட்டுக்கா உக்காந்து ஆடிக் காட்டோணும்னு ரொம்ப நாள் ஆசை. உக்கடம் ஞாயித்துக்கிழமை சந்தைல ஒருத்தர்கிட்ட ரெண்டு பிஎஸ்2 இருக்குது. ஒன்னு பழைய பெரிய மாடல், பின்னால 50004னு போட்டிருக்குது. இன்னொன்னு ஸ்லிம்மு, 75004. ஸ்லிம்முக்கு வெல சாஸ்தி சொல்றாரு, புதுசாட்ட இருக்குதுங்கறாரு. யூடியூப்ல பாத்தா ஆளாளுக்கு ஒன்னு சொல்றாங்க, ஆனா அதெல்லாம் வெளிநாட்டுல ஏசி ரூமுல வெச்சு ஆடறவங்க சொல்றது. நம்மூரு கரண்டு, நம்மூரு தூசி, நம்மூட்டு டிவி இதுல ஓட்டுனவங்க சொன்னாத்தான் எனக்கு ஒதவும். பாத்தது, பட்டது எதுன்னாலும் எழுதுங்க.

சோமனூர் தறிக்காரர்:

தம்பி, எங்கூட்டுல ரெண்டும் இருந்துச்சு, ரெண்டும் இன்னும் ஓடுது, அதனால சொல்றேன். எங்கூடு தறிக்குடோனுக்கு ஒட்டுனாப்பல இருக்குது, சன்னலச் சாத்துனாலும் பஞ்சு உள்ள வந்துரும், காலைல கூட்டுனா சாயந்திரம் திரும்பக் கட்டில் அடியில வெள்ளையா படிஞ்சிருக்கும். இந்தப் பஞ்சுதான் பிஎஸ்2வுக்கு முதல் எதிரி, மத்ததெல்லாம் அப்புறம்.

ஃபேட்டு முன்பக்கமா காத்த இழுத்து பின்னால ஃபேன் வழியா வெளிய தள்ளும். பஞ்சு மொதல்ல முன்னால இருக்கிற சந்துல நிக்கும், அது கண்ணுக்குத் தெரியும், வாரம் ஒருக்கா பெயிண்ட் பிரஷ் வெச்சுத் தட்டி விட்டாப் போதும். உள்ள எடம் தாராளமா இருக்கிறதுனால கொஞ்சம் பஞ்சு போனாலும் உடனே சூடேறாது, ஃபேன் சத்தம் கூடும், அப்பக் கழட்டித் தொடைக்கோணும்னு அர்த்தம். அடியில சதுரமா சின்னச் சின்ன மூடி இருக்கும், அத நெம்புனா ஸ்க்ரூ, அவ்வளவுதான். மேல்மூடியத் தூக்கறப்ப மட்டும் முன்னால பட்டனுக்குப் போற மெல்லிசான ரிப்பன இழுத்துராம பாத்துக்கோங்க, அது கிழிஞ்சா ஆன் பட்டனும் எஜெக்ட் பட்டனும் வேலை செய்யாது. முக்கியமானது என்னன்னா, ஃபேட்டுல டிஸ்க் தட்டுல போயி உள்ள உக்காந்துக்கும், லென்ஸ் மூடுன பொட்டிக்குள்ள பத்திரமா இருக்கும். ஸ்லிம்முல மேல்மூடியத் தொறந்தா லென்ஸ் அப்படியே ஆகாசத்தப் பாத்துட்டு இருக்குது, ஒவ்வொரு டிஸ்க் மாத்தறப்பவும் பஞ்சு அதுமேல விழுவுது. நல்லது என்னன்னா தொடைக்கிறதும் சுலபம், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் காதுகுடையற பஞ்சுக்குச்சில தொட்டு மெதுவாத் தடவுனா ஆச்சு. ஆனா உள்ள இருக்கிற ஃபேன் சின்னது, போற வழி குறுகல், பஞ்சு அதுல போயி கம்பளியாட்டப் படிஞ்சிருச்சுன்னா பொட்டி கொதிக்குது.

கரண்டையும் சொல்லிப் போடறேன். 2012 வாக்குல இங்க கரண்டு எப்ப வரும் எப்பப் போகும்னு தெரியாது, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். போன கரண்டு திரும்ப வர்றப்பத்தான் ஆபத்து, வந்ததும் எல்லாத் தறி மோட்டாரும் ஒரே சமயத்துல எடுக்கும், வோல்டேஜ் அப்படியே கீழ போயி மேல ஏறும். ஃபேட்டுக்குப் பின்னால மெயின் சுவிட்சு தனியா இருக்குது, கரண்டு போனதும் எங்க பசங்க மொதல்ல அத அமுத்திருவாங்க, தறிச்சத்தம் சீரானதுக்கப்புறந்தான் போடறது. ஸ்லிம்முக்கு அந்தச் சுவிட்சு கெடையாது, பிளக்கையே புடுங்கோணும். தறி ஓடுற ஊரா இருந்தா எந்த மாடலா இருந்தாலும் ஸ்டெபிலைசர் போட்டுக்கோங்க. உங்களுக்கு என்னோட ஓட்டு ஃபேட்டுக்குத்தான்.

காந்திபுரம் சர்வீஸ்:

தறிக்காரர் அண்ணன் சொன்னது அத்தனையும் நெசம், சோமனூர் பல்லடம் பக்கத்துல இருந்து வர்ற பொட்டியத் தொறந்தா ஒரு பிடி பஞ்சு எடுக்கிறேன். நான் நம்பர் பத்திச் சொல்றேன், ஃபேட்டா ஸ்லிம்மாங்கிறதவிட நம்பர்தான் முக்கியம்.

பிஎஸ்2 ஜப்பான்ல 2000 மார்ச்சுல வந்துது, 2013 தொடக்கத்துலதான் தயாரிப்ப நிறுத்துனாங்க. இத்தன வருசத்துல உள்ள இருக்கிற போர்டு எத்தனையோ வாட்டி மாறியாச்சு, வெளிய பாத்தா ஒன்னாட்டத்தான் இருக்கும். கடைசி நம்பர் எந்த ஊருக்குச் செஞ்சதுன்னு சொல்லும், 1னா அமெரிக்கா, 4னா ஐரோப்பா, 6னா ஹாங்காங் சிங்கப்பூர். நம்ம பக்கம் வெளிநாட்டுல இருந்து சொந்தக்காரங்க கொண்டாந்தது நெறைய சுத்துது. போன தீபாவளி சமயத்துல ஒருத்தர் 39001 ஒன்னு வாங்கிட்டு நேரா நம்ம 230 வோல்ட்ல சொருகியிருக்காரு, அது 120 வோல்ட் பொட்டி, பவர் சப்ளை கருகிப் போயித்தான் என்ற டேபிளுக்கு வந்துது. அதனால பின்னால ஸ்டிக்கர்ல வோல்ட் எவ்வளவுன்னு படிக்காம சொருகவே கூடாது. 1ல முடிஞ்சா ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் செலவையும் வெலையோட சேத்துக் கணக்குப் போடுங்க.

ஸ்டிக்கர நம்பியும் இருக்க முடியாதுங்க, மேல் ஓட்ட மாத்தி விக்கறாங்க. டிஸ்க் போடாம ஆன் பண்ணி, பிரவுசர் வர்ற மொத ஸ்கிரீன்ல முக்கோண பட்டன அமுத்துங்க, கன்சோல் நம்பர் உள்ள இருந்தே வரும். ஸ்டிக்கர்ல ஒன்னு, ஸ்கிரீன்ல ஒன்னுன்னு இருந்தா கம்முனு வெச்சுட்டு வந்துருங்க.

50004 ஃபேட்டுலயே நல்ல மாடல். 30004, 39004விட ஃபேன் சத்தம் கம்மி, டிவிடி ரிமோட்டுக்கு ரிசீவர் உள்ளயே இருக்குது. ஸ்லிம்முல 70004 வந்தா கொஞ்சம் நிதானமாப் பாருங்க, லென்ஸ் காயில் கருகறது அந்த சீரிஸ்ல பேர்போன சிக்கல், ஆடிட்டு இருக்கிறப்பவே போயிரும். 75004ல அந்தப் பயம் கம்மிதான், ஆனா அதுல இருந்து வேறொன்னு மாறுது. பழைய பிஎஸ்2க்குள்ள பிஎஸ்1னோட பிராசசரே ஒக்காந்திருந்துது, அதனாலதான் பிஎஸ்1 டிஸ்க் போட்டா அப்படியே ஓடும். 75000 சீரிஸ்ல இருந்து அந்த சிப்ப எடுத்துட்டு வேற சிப் வெச்சு அதாட்ட நடிக்க வெச்சுட்டாங்க. பெரும்பாலும் தெரியாது, ஆனா சில பிஎஸ்1 கேமும், கொஞ்சம் பிஎஸ்2 கேமும் அதுல தகராறு பண்ணும். பிஎஸ்1 டிஸ்க் வீட்டுல வெச்சிருந்தா இதயும் ரோசிச்சுக்கோங்க.

கோபி அக்கா:

எல்லாரும் ஃபேட்டுன்னே சொல்றீங்க, நான் ஸ்லிம்முக்காகப் பேசறேன். எங்கூருல தறி இல்ல, வாய்க்காலும் வயலும்தான், தூசி அவ்வளவு இல்ல. எங்க பசங்களுக்கு மாரியம்மன் நோம்பிக்கு அம்மிச்சி ஊருக்குப் போனாலும் கூட வரோணும், ஃபேட்டு ரெண்டே கால் கிலோ கிட்ட, மொத ஸ்லிம்மே ஒரு கிலோவுக்கும் கம்மி. கடைசியா வந்த ஸ்லிம்மு 90000 சீரிஸ்ல பவர் சப்ளையும் உள்ளயே வெச்சுட்டான், தனியா அடாப்டர் தூக்க வேண்டியதில்ல, ஒரு ஒயரு, மஞ்சள் சிவப்பு வெள்ளை கேபிளு, ரெண்டு கண்ட்ரோலர், துணிப்பையில போட்டுட்டு பஸ் ஏறிரலாம். ஒறம்பரை எல்லாம் கூடியிருக்கிறப்ப இதாட்ட ஒன்னு இருந்தா சின்னதுங்க பெருசுங்க எல்லாம் ஒரே ஆசாரத்துல உக்காந்துருவாங்க, அது எனக்கு ரொம்பப் புடிக்கும்.

ஆனா ஒன்னு எல்லாரும் தெரிஞ்சுக்கோணும். எங்களுதுக்கு மெமரி கார்டுல ஃப்ரீ எம்சிபூட் (காப்பி பண்ணுன கேம் ஓட்டறதுக்கு வழி தொறக்கற சாஃப்ட்வேர்) போட்டு ஒருத்தர் வித்தாரு, எல்லா மாடல்லயும் ஓடுங்க்கான்னு சொன்னாரு. ஓடல. அப்புறம் தம்பி ஒருத்தன் பாத்துச் சொன்னான், 90000 சீரிஸ்லயே பின்னாடி வந்ததுல பயாஸ் (பொட்டிய ஆன் பண்ணதும் ஓடற உள் சாஃப்ட்வேர்) 2.30, அதுல அந்த வழிய அடைச்சுட்டாங்களாம். ஸ்டிக்கர்ல டேட் கோடு 8சி, அதுக்கப்புறம்னு இருந்தா பெரும்பாலும் இந்தச் சிக்கல்தான். ஆனா வழியே இல்லாமப் போகல, 2020ல ஃப்ரீடிவிடிபூட்னு ஒன்னு வந்துது, அத டிவிடி-ஆர்ல எழுதிப் போட்டா, படம் பாக்கறதுக்குன்னு இருக்கிற டிவிடி பிளேயர் வழியாவே உள்ள போயிருது, சிப்பு சால்டர் எதுவும் வேண்டாம். இப்ப எங்க கிட்ட இருக்கிற டிஸ்க்க எல்லாம் காப்பி பண்ணி வெச்சு ஓட்டறோம், லென்ஸ் தேயறதில்ல. அதனால 90000 வாங்கறவங்க இத ஒத்துக்கிட்டு வாங்குங்க, வாங்காம இருக்க வேண்டியதில்ல.

ஈரோட்டுக்காரன்:

அக்கா சொன்ன அந்தக் காப்பி ஓட்டற வேலைக்குத்தான் ஃபேட்டுக்கு ஈடு இல்லைங்கறேன். ஸ்லிம்முல காப்பிய எங்க வெப்பீங்க, யூஎஸ்பில. பிஎஸ்2 யூஎஸ்பி 1.1, வேகம் பத்தாது, கேமுக்கு நடுவுல கதை வீடியோ வர்றப்ப திக்கித் திக்கி ஓடும். ஸ்லிம்முல லேன் போர்ட் உள்ளயே இருக்கிறதுனால கம்ப்யூட்டர்ல இருந்து ஒயர் இழுத்து ஓட்டுனா பரவால்ல, ஆனா அதுக்குப் பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர் ஓடிட்டே இருக்கோணும். ஃபேட்டுக்குப் பின்னால ஒரு பெரிய பொந்து இருக்குது பாருங்க, அதுல நெட்வொர்க் அடாப்டர் மாட்டி பழைய கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்க உள்ளயே சொருகிரலாம். என்ற 39004ல அப்படித்தான் போட்டிருக்கேன், ஓப்பன் பிஎஸ்2 லோடர்னு காப்பி கேம் ஓட்டற சாஃப்ட்வேரத் தொறந்தா லிஸ்ட்டு வருது, அமுத்துனா கேம், லென்ஸே தேவையில்ல. லென்ஸ் செத்த ஃபேட்டு கம்மி வெலைக்குக் கெடைச்சாக்கூட இதுக்காக நான் வாங்குவேன். அடாப்டர் தேடறதுதான் கஷ்டம், பழசு ஐடிஇ கனெக்சன் (பழைய ஹார்ட் டிஸ்க் வகை), சாட்டா (அதுக்கப்புறம் வந்த வகை) டிஸ்க் போடற மாதிரி போர்டு மாத்துனதும் ஆன்லைன்ல கெடைக்குது.

டிவி பத்தி யாரும் சொல்லல. புது எல்இடி டிவில போட்டுட்டு கிராபிக்ஸ் மங்கலா இருக்குதேன்னு வெசனப்படாதீங்க, அந்தக் காலத்துக் கேம் பெரும்பாலும் 480ஐ (படத்துல 480 கோடு), PALனு சொல்ற ஐரோப்பா டிவி முறைப் பொட்டில 576ஐ, டியூப் டிவிக்குன்னே செஞ்சது. 2006க்கு அப்புறம் அரசாங்கம் குடுத்த 14 இஞ்சு கலர் டிவி இன்னும் எத்தனையோ வீட்டு அட்டாலில கெடக்குது, அத எறக்கித் தொடைச்சுப் பின்னால ஏவி இருக்குதான்னு பாத்து மாட்டுங்க, படம் அத்தன நல்லா இருக்கும். அமெரிக்கா பொட்டின்னா டிவி மெனுல என்டிஎஸ்சி (அமெரிக்கா டிவி முறை) இருக்குதான்னும் பாத்துக்கோங்க, இல்லாட்டி கருப்பு வெள்ளையாத் தெரியும்.

அவிநாசிப் பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இத்தன வெவரம் வரும்னு நெனைக்கவே இல்ல. எங்க வீதிலயும் ரெண்டு பக்கம் பனியன் கம்பெனி, கட்டிங் பஞ்சு பறக்கும், அட்டாலில அந்தக் கவருமெண்டு டிவியும் இருக்குது. 50004ஏ எடுத்தரலாம்னு இருக்கேன். சர்வீஸ்ங்ணா, சந்தைல நின்னுட்டு லென்ஸ் நல்லா இருக்குதான்னு எப்படிப் பாக்கறது, அவரு ஒரே ஒரு டிஸ்க் போட்டுத்தான் காட்டுவாரு.

காந்திபுரம் சர்வீஸ்:

ஒரு டிஸ்க் ஓடுனாப் பத்தாது தம்பி. நீங்களே மூணு வகை கையில எடுத்துட்டுப் போங்க. அடிப்பக்கம் நீலமா இருக்கிற சிடி கேம் ஒன்னு, சாதாரண வெள்ளி டிவிடி ஒன்னு, ரெட்டை லேயர் டிவிடி ஒன்னு, காட் ஆஃப் வார் 2 ஒரிஜினல் கெடைச்சா அது ரெட்டை லேயர்தான். சிடிக்கும் டிவிடிக்கும் லேசர் வேற வேற, சில பொட்டில ஒன்னு செத்து ஒன்னு ஓடும், விக்கறவரு ஓடறதத்தான் காட்டுவாரு. ரெட்டை லேயர் படிச்சா லென்ஸ்ல இன்னும் தெம்பு இருக்குது. போட்டதும் லோகோ வந்தாப் போதும்னு கெளம்பிராதீங்க, ஆட்டம் உள்ள போயி ஒரு கால்மணி நேரம் ஓடட்டும், சூடேறுனதுக்கப்புறந்தான் பல லென்ஸ் திணறும். தட்டு வெளிய வர்றப்ப கரகரன்னு சத்தம் வந்தாலோ பாதில நின்னாலோ அது பெல்ட்டு, பல்சக்கரம், அதுக்குப் பயப்படாதீங்க, சுலபமா மாத்திரலாம், வெலயக் கொறைச்சுக் கேளுங்க. அப்புறம் தேதியும் நேரமும் செட் பண்ணிட்டு பின்னால மெயின் சுவிட்ச அமுத்தித் திரும்பப் போடுங்க, மறந்துருச்சுன்னா உள்ள இருக்கிற சிஆர்2032 பேட்டரி தீந்திருச்சு, அதுவும் சின்ன வேலைதான்.