ஆனைமலையில் தட்டிப் பார்த்த சத்தம்

குழு: ஒத்தக்கடை வகையறா

செவ்வாய்

கயல், இரவு 10:41
பெரியப்பா, தூங்கிவிட்டீர்களா? ஒரு சந்தேகம். மொட்டை மாடியில் நிற்கிறேன். கூடல் நகர் பக்கம் ரயில் ஹாரன் அடிப்பது அவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது. ஊமச்சிகுளத்தில் இருந்து நேர்கோட்டில் பார்த்தாலும் ஐந்து கிலோமீட்டர் பக்கம் வரும். பகலில் எத்தனை ரயில் போகிறது, ஒன்றுகூடக் காதில் விழுவதில்லையே, ஏன்?

கதிர் அண்ணன், 10:43
பகலில் நத்தம் ரோட்டு வண்டிச் சத்தம் அமுக்கிவிடும். ராத்திரி ஊர் அடங்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

கயல், 10:44
நானும் அப்படித்தான் நினைத்தேன் அண்ணே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரோடே வெறிச்சோடிக் கிடக்கும். அப்போதும் கேட்பதில்லை.

பாண்டி சித்தப்பா, 10:52
பாப்பா சொல்வது சரி. மைக் செட் கட்டுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். பங்குனிப் பொங்கலுக்கு வேப்பமரத்து உச்சியில் குழாயைக் கட்டி, விடிய ஐந்து மணிக்குச் சாமி பாட்டுப் போட்டால் அடுத்த ஊரில் இருந்து போன் வரும், சத்தத்தைக் குறைக்கச் சொல்லி. அதே குழாய், அதே ஆம்ப்ளிஃபயர், வால்யூமில் கையே வைக்கவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு அது கண்மாயைத் தாண்டாது. அந்த ஊரில் மத்தியானம் என்ன வண்டியா ஓடுகிறது? வெறும் வயக்காடு. அண்ணன்தான் காரணம் சொல்ல வேண்டும்.

பெரியப்பா, 11:05
முழித்துத்தான் இருக்கிறேன். கதிர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. அமைதியாக இருந்தால் சின்னச் சத்தமும் கேட்கும். மீதிப் பாதி காற்றின் சூட்டில் இருக்கிறது.

பெரியப்பா, 11:09
சூடான காற்றில் சத்தம் வேகமாகப் போகும், குளிர்ந்த காற்றில் மெதுவாகப் போகும். 0 டிகிரியில் வினாடிக்கு 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும். 20 டிகிரியில் 343.
பகலில் வெயிலில் தரை காய்கிறது. தரையை ஒட்டிய காற்று சூடு, மேலே போகப் போகக் குளிர்ச்சி. ராத்திரி வானம் தெளிவாக இருந்து காற்றும் ஓய்ந்திருந்தால் தரை சீக்கிரம் ஆறிவிடும். அதை ஒட்டிய காற்றும் ஆறிவிடும். அப்போது கீழே குளிர்ச்சி, அதற்கு மேலே கொஞ்ச உயரம் வரைக்கும் சூடு.

கயல், 11:10
சரி பெரியப்பா. அதனால் சத்தம் எப்படித் தூரமாகப் போகும்?

பெரியப்பா, 11:16
மாட்டு வண்டியில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் வேகமாக உருண்டால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும்? மெதுவாக உருளும் சக்கரத்தின் பக்கம். சத்தமும் அப்படித்தான் வளைகிறது. ராத்திரி மேலே வேகம், கீழே மெதுவு. அதனால் வானத்துக்குப் போக வேண்டிய சத்தமும் வளைந்து தரைக்கு இறங்கி வருகிறது. உன் மாடிக்கு வருவது அதுதான். பகலில் கீழே வேகம், மேலே மெதுவு. சத்தம் மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடுகிறது. கொஞ்சத் தூரத்துக்கு அப்பால் தரையில் நிற்பவனுக்குச் சத்தத்தின் நிழல்தான் மிச்சம்.

பாண்டி சித்தப்பா, 11:19
அண்ணே, மரத்து உச்சியில் கட்டினால் தூரம் கேட்கிறது என்பார் எங்கள் பழைய முதலாளி. வீடும் மரமும் மறைக்காது என்பதற்காக என்று நினைத்திருந்தேன்.

பெரியப்பா, 11:21
அவர் சொன்னது சரிதான், அந்தக் காரணமும் உண்டு. உயரத்தில் கட்டினால் நிழல் விழும் இடமும் தள்ளிப் போகும்.

அம்மா, 11:24
அப்பத்தாவும் கேட்டுக்கொண்டு இருக்கிறார்கள். ஆடி மாதம் மேல்காற்று அடிக்கும்போது பட்டப்பகலிலேயே ரயில் சத்தம் கேட்கும் என்கிறார்கள். நாற்று நடும்போது அதை வைத்துத்தான் மணி பார்ப்பார்களாம்.

பெரியப்பா, 11:30
அம்மா சொல்வது அருமையான விஷயம். கூடல் நகர் நமக்குத் தென்மேற்கில் இருக்கிறது. மேல்காற்று அங்கிருந்து இங்கே அடிக்கிறது. காற்று சத்தத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்று சொல்வார்கள். ஆனால் காற்று வினாடிக்கு ஐந்து, பத்து மீட்டர்தான் போகும். முன்னூறுக்கு மேல் போகிற சத்தத்துக்கு அது என்ன பெரிய உதவி? விஷயம் வேறு. தரையில் மரமும் சுவரும் தடுப்பதால் காற்று மெதுவாக அடிக்கும், மேலே வேகமாக அடிக்கும். காற்றோடு வரும் சத்தத்துக்கு மறுபடியும் மேலே வேகம், கீழே மெதுவு. கீழ்நோக்கி வளையும். எதிர்க்காற்றில் மேல்நோக்கி வளைந்து காணாமல் போகும்.

கயல், 11:34
ஹாரன் இங்கே வந்து சேரவே பதினான்கு வினாடிக்கு மேல் ஆகும், இல்லையா? மணிக்கு 60 கிலோமீட்டரில் ரயில் போனால், நான் கேட்கும்போது அது அடித்த இடத்தைத் தாண்டி 240 மீட்டர் போயிருக்கும்!

பெரியப்பா, 11:35
சரியான கணக்கு. போய்த் தூங்கு.

புதன்

சாந்தி அத்தை, காலை 6:20
ராத்திரி இவ்வளவு பேசியிருக்கிறீர்கள், நான் இப்போதுதான் பார்க்கிறேன். அண்ணே, எனக்கும் ஒன்று கேட்க வேண்டும். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றாலே நிரம்பப் போவது எனக்குத் தெரிந்துவிடும். முதலில் தொம் தொம்மென்று அடித்தொண்டையில் பேசும். கழுத்துக்குத் தண்ணீர் வந்ததும் குரல் விறுவிறுவென்று ஏறும். ஓடிப் போய்க் குழாயை மூடிவிடுவேன். அது என்ன கணக்கு?

பெரியப்பா, 7:02
குடத்தில் மீதி இருக்கும் காற்றுதான் பாடுகிறது. தண்ணீர் ஏற ஏறக் காற்றுக்கு இடம் சுருங்குகிறது. இடம் சுருங்கினால் அதிர்வு வேகமாகும், குரல் ஏறும். கழுத்து குறுகல் என்பதால் கடைசியில் தண்ணீர் மட்டம் சட்டென்று ஏறுகிறது, குரலும் சட்டென்று ஏறுகிறது. உனக்கு ஓட நேரம் குறைவாகக் கிடைப்பதும் அதனால்தான்.

சாந்தி அத்தை, 7:10
எங்கள் மானாமதுரையில் கடம் செய்கிறவர்கள் சுட்டு எடுத்ததும் விரலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பானையில் ஒன்றை ஒதுக்கி வைத்துவிடுவார்கள். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

பெரியப்பா, 7:15
கடத்தில் இரண்டு குரல் உண்டு சாந்தி. ஓடு அதிர்வது ஒன்று, உள்ளே இருக்கும் காற்று அதிர்வது ஒன்று. வித்வான் கடத்தின் வாயைத் தன் வயிற்றோடு அழுத்தியும் விட்டும் வாசிக்கும்போது மாறுவது காற்றின் குரல். ஓட்டின் குரல் மண்ணிலும் கனத்திலும் சூளையிலும் இருக்கிறது. அதைத் தட்டித்தான் கண்டுபிடிக்க முடியும்.

கதிர் அண்ணன், 8:40
அப்பா, ரயில் ஸ்டேஷனைத் தாண்டும்போது ஹாரன் ஸ்வரம் இறங்குமே, அதையும் சொல்லிவிடுங்கள்.

பெரியப்பா, 8:55
வரும்போது அலைகள் நெருக்கி வரும், ஸ்வரம் ஏறும். போகும்போது விரிந்து வரும், ஸ்வரம் இறங்கும். டாப்ளர் என்ற விஞ்ஞானி 1842இல் சொன்னார். 1845இல் நெதர்லாந்தில் பாய்ஸ் பாலட் என்பவர் எக்காளம் ஊதுகிறவர்களை ரயிலில் ஏற்றி, தண்டவாளத்துப் பக்கத்தில் ஸ்வரஞானம் உள்ளவர்களை நிறுத்தி, காதாலேயே சோதித்துப் பார்த்தார். கருவி ஒன்றும் கிடையாது.

கயல், 9:02
பெரியப்பா, நாமும் காதாலேயே சத்தத்தின் வேகத்தை அளக்க முடியுமா? 343 என்று புத்தகத்தில் எழுதி மார்க் வாங்கிவிட்டேன். ஆனால் அது நிஜம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பாண்டி சித்தப்பா, 9:20
எனக்கு ஒரு வழி தெரியும். பஜனை மடத்தில் ஒரு குழாய், கண்மாய்க் கரையில் ஒரு குழாய், நடுவில் முன்னூறு மீட்டருக்கு மேல் ஒயர் போகும். மைக்கில் பேசினால் இரண்டிலும் ஒரே நேரத்தில்தான் வரும், கரண்டுக்கு நேரம் ஆகாது. ஆனால் மடத்துக் குழாய்க்குக் கீழே நின்றால் "பொதுமக்கள் கவனத்திற்கு" இரண்டு தடவை கேட்கும். கரையில் இருப்பது ஒரு வினாடி பிந்தி வருகிறது.

பெரியப்பா, 9:41
நல்ல வழி. ஆனால் அதைவிடப் பெரிய கருவி நம் வீட்டு வாசலிலேயே படுத்திருக்கிறது. ஆனைமலை. பாறையின் செங்குத்தான பக்கம் சத்தத்தை அப்படியே திருப்பி அனுப்பும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எல்லோரும் ஒத்தக்கடைக்கு வாருங்கள். பாண்டி, உன் டேப்பை எடுத்துக்கொள். வெடி கிடி எதுவும் வேண்டாம், மலையில் மயிலும் குரங்கும் இருக்கின்றன. இரண்டு மரக்கட்டை போதும்.

பெரியப்பா, 9:44
நியூட்டன் கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரித் தாழ்வாரத்தில் எதிரொலியை வைத்துத்தான் அளந்தார். கடிகாரத்துக்குப் பதிலாக ஊசல். நீளத்தைக் கூட்டிக் குறைத்து எதிரொலியோடு ஒத்துப் பார்த்தார். அவர் காகிதத்தில் போட்ட கணக்கு மட்டும் நிஜ வேகத்தைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாக வந்தது. சத்தம் போகும்போது காற்று ஒரு நொடிக்குள் அமுங்கிச் சூடாகிறது, அந்தச் சூடு வெளியேற நேரம் இல்லை. இதைச் சேர்த்துக் கணக்கைச் சரி செய்தவர் லாப்லாஸ். 1687இல் வந்த கணக்கு 1816இல் நேரானது.

ஞாயிறு

கயல், காலை 9:48
வர முடியாதவர்களுக்காக எழுதுகிறேன்.
பாறை அடியில் இருந்து சித்தப்பாவின் முப்பது மீட்டர் டேப்பை மாற்றி மாற்றி நீட்டி, கருவேல முள்ளுக்கு நடுவில் 172 மீட்டர் அளந்தோம். சத்தம் போய்த் திரும்ப 344 மீட்டர்.
கட்டையை ஒரு தடவை தட்டினால் "டக்", கொஞ்சம் கழித்து மலையில் இருந்து இன்னொரு "டக்". கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது, அவ்வளவு தெளிவு.
இந்த ஒரு இடைவெளியைப் போனில் அளக்கவே முடியாது, விரல் முந்தும், இல்லை பிந்தும். பெரியப்பா சொன்ன தந்திரம்: எதிரொலி வரும் அதே நொடியில் அடுத்த தட்டைத் தட்ட வேண்டும், அப்படியே தாளம் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

கயல், 9:51
தாளம் சரியாகப் பிடித்ததும் எதிரொலி காணாமல் போய்விடுகிறது! நம் தட்டுக்கு உள்ளேயே போய் ஒளிந்துகொள்கிறது. கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் வாலை நீட்டிவிடும். சித்தப்பாதான் தட்டினார், தவில்காரர்களோடு பழகிய கை. நான் கண்ணை மூடிக்கொண்டு எதிரொலி மறைந்ததும் எண்ண ஆரம்பித்தேன்.

பெரியப்பா, 9:55
எண்ணும்போது முதல் தட்டு பூஜ்யம். அதை ஒன்று என்று எண்ணினால் ஒரு இடைவெளி குறைந்துவிடும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லித்தான் நான் ரிட்டயர் ஆனேன்.

கயல், 9:58
இருபது இடைவெளிக்கு ஒரு தடவை 19.6 வினாடி வந்தது, இன்னொரு தடவை 20.1. முதலாவதற்கு வினாடிக்கு 351 மீட்டர், அடுத்ததற்கு 342. அப்போது வெயில் ஏறவில்லை, தெர்மாமீட்டரில் 27 டிகிரி. பெரியப்பா கணக்கில் 347 வர வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது!

சாந்தி அத்தை, 10:06
இரண்டு மரக்கட்டையை வைத்தா? தங்கமே, நான் வராமல் போய்விட்டேனே.

கதிர் அண்ணன், 10:15
கயல், பிரமாதம். ஆனால் ஒன்று கேட்கிறேன். சூட்டில் வேகம் கூடும் என்பதுதான் அந்த ரயில் சத்தத்துக்கே ஆதாரம். நீ அளந்தது 27 டிகிரியில் மட்டும். கூடுகிறது என்று இன்னும் காட்டவில்லையே?

கயல், 10:17
காட்டவில்லை அண்ணே. வரும்போது அதைத்தான் பெரியப்பாவிடம் கேட்டேன். அரை வினாடி முன்னே பின்னே ஆகிற அளவில் அது தெரியாதாம்.

பெரியப்பா, 10:29
கேட்க வேண்டிய கேள்விதான். மார்கழி விடியலில் 20 டிகிரி, சித்திரை மத்தியானம் 38 டிகிரி என்று வைத்துக்கொள். 343, 354. இருபது இடைவெளியில் வித்தியாசம் 0.6 வினாடிதான், நம் தவறுக்குள்ளேயே மறைந்துவிடும். நூறு இடைவெளி தட்டினால் 100.3 வினாடியும் 97.2 வினாடியும் வரும். மூன்று வினாடி. அதை யாராலும் மறைக்க முடியாது. ஆனால் நூறு வரைக்கும் தாளம் பிசகக் கூடாது.

பாண்டி சித்தப்பா, 10:33
நூறு என்ன அண்ணே, இருநூறு தட்டுகிறேன். சித்திரை மத்தியானத்தில் அந்தப் பொட்டலில் நிற்க ஒரு பந்தல் மட்டும் போட வேண்டும். துணிப் பந்தல் போட்டால் சத்தத்தை மறைக்குமா?

பெரியப்பா, 10:36
மலைப் பக்கம் திறந்து வைத்தால் மறைக்காது. மத்தியானம் காற்று அடித்தால் மட்டும் எதிரொலி மங்கும், ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்துத் தட்ட வேண்டும். கயல், 172 மீட்டர் அளந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு வைத்தோமே, அதற்குச் சுண்ணாம்பு அடித்துவிடு. மார்கழியிலும் அதே இடத்தில்தான் நிற்க வேண்டும்.

கயல், 10:37
சாயங்காலமே அடித்துவிடுகிறேன் பெரியப்பா.