மண்டபம் பேரூராட்சியில் கொல்லையில் கோழி, ஆடு: அனுமதி பற்றி விவரம் தேவை

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். மண்டபம் பேரூராட்சி எல்லைக்குள், 4 சென்ட் வீட்டுக் கொல்லையில் 12 நாட்டுக்கோழி, 2 வெள்ளாடு வளர்க்கப் போகிறோம். நகர்ப்புறங்களில் விலங்கு, பறவை வளர்ப்பதை ஒழுங்குபடுத்தும் 1997 சட்டப்படி, வீட்டுத் தேவைக்கு வளர்க்கவும் பேரூராட்சியில் உரிமம் எடுக்கணுமா? கட்டணம் எவ்வளவு? ஊராட்சிப் பக்கம், உச்சிப்புளி மாதிரி ஊர்களில், நடைமுறை வேறா?

முக்கியமான கவலை கிணறுதான். நம்ம கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் மேலாகவே நிற்கிறது. எச்சம் மழையில் கரைந்தால் மண் வடிகட்டாது, நேரே ஊற்றுக்குப் போய்விடும். அதனால் கூண்டை 2 அடி உயரத்தில் வைத்து, அடியில் தார்ப்பாய் விரித்து, 3 அங்குலம் தென்னை நார்க்கழிவு போட்டு, வாரம் ஒருமுறை அள்ளுவதாகத் திட்டம். ஐப்பசி, கார்த்திகையில் சாரல் அடித்து நார் நனைந்தால் நாற்றமும் ஈயும் வரும், பக்கத்து வீட்டுப் புகாரும் அங்கேதான் தொடங்கும். கிணற்றிலிருந்தும் பக்கத்துச் சுவரிலிருந்தும் எத்தனை அடி தள்ளச் சொல்கிறார்கள்?

உப்புக்காற்றில் சாதாரணக் கம்பிவலை சீக்கிரம் துருப்பிடித்து, கீரி நுழைய வழியாகிவிடும். பிளாஸ்டிக் பூசிய அரை அங்குல வலை ராமநாதபுரத்தில் எங்கே கிடைக்கும்?

8 வாரக் குஞ்சுகளுக்குக் கோழிக் கழிச்சல் (ராணிக்கெட்) நோய்த் தடுப்பூசி போட, பிப்ரவரி முகாம் வரை காத்திருக்காமல் கால்நடை மருந்தகத்தில் எந்தக் கிழமை கொண்டுபோகலாம்? தெரிந்தவர்கள் ஊர் பெயரோடு சொல்லுங்கள்.