மகனுக்கு ஹீமோபிலியா: என் வழியிலா வந்தது?

கேள்வி (தலவாக்கலை, ஓர் அம்மா)
மகனுக்கு 2 வயது. லயத்து வாசல் படியில் தடுக்கி விழுந்து உதட்டின் உள்பக்கம் கிழிந்தது. சின்னக் காயந்தான், ஆனால் விடியும்வரை கசிந்து தலையணை உறை நனைந்துவிட்டது. சோதித்துவிட்டு ஹீமோபிலியா ஏ, ரத்தம் சரியாக உறையாத நோய் என்றார்கள். "உன் வழியில் வந்தது" என்கிறார் மாமி. எங்கள் பக்கத்தில் யாருக்குமே இல்லையே?

பதில் (ஹட்டன், வயது 34)
தங்கச்சி, எனக்கும் இதேதான். ரத்தத்தை உறையவைக்கும் 8ஆம் காரணி குறைவு. அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. உங்களுக்கு எக்ஸ் இரண்டு, ஒன்று பழுதானாலும் மற்றது பெரும்பாலும் ஈடுகட்டும். மகனுக்கு ஒன்றுதான். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்திருக்காது, மரபணு புதிதாக மாறியிருக்கும். இதில் யார் மேல் குற்றம்?

காயத்தைவிட மூட்டைக் கவனியுங்கள். சின்ன வயதில் அம்மாவோடு மலை ஏறிப்போன மறுநாள் என் முழங்கால் வீங்கிச் சுட்டது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவினார்கள். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அந்தக் கால் இன்றும் முழுதாக நீளாது. வீங்கினால் உருவாதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

பதில் (பண்டாரவளை, தாதி)
வலிக்கு டிஸ்பிரின், புரூபன் வேண்டாம், பெரசிட்டமோல் சரி. தசையில் ஊசி போடுமுன் நோயைச் சொல்லுங்கள். நீங்கள் கடத்தியாக, அதாவது பழுதான மரபணுவைச் சுமப்பவராக, இருந்தால் அடுத்த மகனுக்கும் வரப் பாதி வாய்ப்பு. சோதித்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்
நன்றி அண்ணா. மாமிக்கு வாசித்துக் காட்டினேன். எண்ணெய்ப் போத்தலை அவரே எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.