ஏப்ரல் 20 மிஸ்ராட்டா: நினைவுக் கூட்டத்தோடு டூர்னிகெட் பயிற்சி வைக்கலாமா?

ஃபிலிம்ரோல்:
லிபியாவின் மிஸ்ராட்டா நகரில் இறந்த போர்முனைப் போட்டோகிராஃபர்கள் டிம் ஹெதரிங்டன், கிறிஸ் ஹோண்ட்ரோஸ் இருவருக்கும் ஏப்ரல் 20 அன்று நினைவுக் கூட்டம். மலர்மாலை, மௌனம் என்று முடிக்காமல், வர்ற 20 போட்டோகிராஃபர்களுக்கு டூர்னிகெட் (கை, காலை இறுக்கிக் கட்டும் பட்டை) வைத்து ரத்தப்போக்கை நிறுத்தும் பயிற்சியும் தரலாம்னு யோசனை. ஒன்றரை மணி நேரம் இருக்கு. என்னென்ன வாங்கணும்? "இருவரும் ரத்தப்போக்கால் இறந்தனர்" என்று பலகையில் எழுதலாமா?

டெஸ்க்:
எழுதாதீங்க. 2011, லிபியா, மிஸ்ராட்டாவின் திரிபோலி தெருப் பக்கம். வெடிப்பு ஒன்று, காயம் வேறு வேறு. ஹோண்ட்ரோஸுக்குத் தலையில் சிதறல் பாய்ந்தது. ஹெதரிங்டனுக்குத் தொடைத் தமனி அறுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே ரத்தம் வடிந்துபோனது. டூர்னிகெட் பேச்சே அவர் ஒருவருக்குத்தான். போட்டோகிராஃபர்கள் கை (Guy) மார்ட்டின், மைக்கேல் கிறிஸ்டோபர் பிரவுன் இருவரும் அதே இடத்தில் காயப்பட்டுத் தப்பியவர்கள், அவங்களை விட்டுடாதீங்க.

ஹெதரிங்டனோடு சேர்ந்து 'ரெஸ்ட்ரெப்போ' படத்தை இயக்கிய செபாஸ்டியன் யுங்கர், இந்தச் சாவுக்குப் பிறகுதான் ரிஸ்க் என்ற அமைப்பைத் தொடங்கி, போர்முனைக்குப் போகும் ஃப்ரீலான்சர்களுக்கு இலவசமாக முதலுதவி கற்றுக்கொடுத்தார். உங்க யோசனைக்கு அதைவிடப் பொருத்தமான முன்னுதாரணம் கிடையாது.

படங்கள்: ஹோண்ட்ரோஸ் கெட்டி இமேஜஸ் என்ற பட நிறுவனத்துக்காரர். ஹெதரிங்டன் சேகரிப்பு லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில். கூகுளில் இறக்கி ஒட்டாமல் முன்கூட்டியே அனுமதி கேளுங்க.

காஸ்துணி:
ரெண்டு ரெண்டு பேரா நிறுத்தினால் பயிற்சி டூர்னிகெட் 10 போதும். நீல நிறத்தில் தனியாகவே வரும். பயிற்சியில் முறுக்கித் தேய்ந்ததைக் களத்துக்கு எடுத்துட்டுப் போகக்கூடாது. ஆன்லைனில் அடிமாட்டு விலைக்கு வரும் போலிகள் வேண்டவே வேண்டாம், பட்டையை இறுக்க முறுக்கும் கோல் பாதியில் உடையும்.

காயத்துக்கு 2-3 அங்குலம் மேலே கட்டணும், முட்டி மூட்டின் மீதே கட்டக்கூடாது. காயம் எங்கேன்னு தெரியலையா, கால் தொடங்கும் இடத்தில், உடைக்கு மேலேயே கட்டுங்க. பேன்ட் பாக்கெட்டில் பேட்டரி, மெமரி கார்டு டப்பா இருந்தா முதலில் எடுத்துடுங்க, இல்லைன்னா பட்டை அழுந்தாது. எல்லாரும் செய்யும் தப்பு ஒண்ணு இருக்கு: பட்டையை இழுத்து இறுக்காமலே கோலை முறுக்க ஆரம்பிப்பாங்க. கையால் இழுக்கும்போதே பட்டைக்கு அடியில் விரல் நுழையக்கூடாது. அதன்பிறகு ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, கோலைக் கொக்கியில் மாட்டி, நேரத்தை எழுதுங்க. வலியில் கத்துவாங்க, தளர்த்திடாதீங்க. தொடையில் ஒண்ணு போதலைன்னா அதுக்கு மேலேயே இன்னொண்ணு. கட்டியபின் எடுப்பது டாக்டர் வேலை.

தொடையிடுக்கில் காயம்னா டூர்னிகெட் பிடிக்காது. காஸ் துணியைக் குழிக்குள் ரத்தம் வரும் இடம்வரை திணிச்சு, முழு உடல் எடையையும் போட்டு அழுத்தணும்: ரத்தம் உறைய வைக்கும் மருந்து ஏற்றிய காஸ்னா 3 நிமிடம், சாதா காஸ்னா 10. இடையில் தூக்கிப் பார்க்கக்கூடாது. பயிற்சிக்குத் தடிமனான ஸ்பாஞ்சில் ரெண்டு விரல் நுழையும் ஓட்டை போட்டால் போதும். அரைமணி நேரம் இதுக்கே கொடுங்க, இதைத்தான் பலரும் தவறவிடுறாங்க.

ஃபிலிம்ரோல்:
அவசரத்துக்கு பெல்ட், கேமரா ஸ்ட்ராப்?

காஸ்துணி:
நம்பாதீங்க. முறுக்கக் கோல் இல்லாமல் தமனி அடைபடும் அளவுக்கு இறுக்க முடியாது. அரைகுறையாக இறுகினால் சிரை மட்டும் அடைபட்டு ரத்தப்போக்கு கூடும். அசல் டூர்னிகெட்டையே பிளாஸ்டிக் உறையிலிருந்து பிரிச்சு, எந்தக் கையாலும் எட்டும்படி இடுப்பில் வைக்கச் சொல்லுங்க. லென்ஸ் பைக்குள் போட்டுடாதீங்க.