காய்ச்சலில் குணமும் புத்தியும் மாறினால்: பக்கத்திலிருந்து பார்ப்பவர்கள் சொல்வது

காரைக்குடி, செவிலியர்:
காய்ச்சல்காரர் எரிந்து விழுவதும், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வதும் குணக்கேடு அல்ல. கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் இன்டர்லூக்கின் போன்ற புரதங்களை விடுகின்றன. சூடு ஏறுவதும், பசியும் உற்சாகமும் அடங்குவதும் அவற்றால்தான். அதனால் பாரசிட்டமால் சூட்டை இறக்கினாலும் மந்தம் உடனே விடாது. "மாத்திரை கேட்கலை" என்று இரண்டு மணி நேரத்திலேயே அடுத்ததைக் கொடுத்தால் ஈரல் கெடலாம். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 அல்லது 650 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளி. சளி மாத்திரையிலும் பாரசிட்டமால் இருக்கலாம், அட்டையைப் படியுங்கள்.

தேவகோட்டை, முதியோர் பராமரிப்பு:
அக்கா சொன்னது சரி. ஆனால் பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஐயாக்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் கதையே வேறு. சிறுநீர்த் தொற்றோ நிமோனியாவோ வந்தால், சூடு 100 டிகிரியைத் தொடாமலே புத்தி தடுமாறலாம். தடுமாற்றம் வந்து வந்து போகும், பெரும்பாலும் பொழுது சாய்ந்தால் கூடும். காலையில் போன் போட்டு "நல்லாத்தான் பேசுறாக" என்று விட்டுவிடாதீர்கள், இரவிலும் பேசுங்கள். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள்: சனி, வெள்ளி, வியாழன்... வழக்கமாகச் சொல்லக்கூடியவர் பாதியில் எதைச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்றே மறந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பிதற்றுகிறவரை வீடே கவனிக்கும். சத்தமில்லாமல் தூங்கி வழிகிறவரைத்தான் "அசந்து தூங்குறாக" என்று விடுகிறோம். எனக்கு அதுதான் பெரிய பயம். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாரா என்று பாருங்கள். குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே இருந்து, விழுங்கவும் முடிந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நீர் பிரியும் பிரஷர் மாத்திரை எடுப்பவர் வெறும் தண்ணீரும் உப்பில்லாக் கஞ்சியுமாக இருந்தால் ரத்தத்திலுள்ள உப்புச்சத்தான சோடியம் இறங்கியும் குழம்புவார். அதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும்.

வீட்டின் உள்ளே, ரெண்டாம் கட்டு இருட்டறையில் படுக்க வைக்காதீர்கள். பகலில் வளவு (நடுமுற்றம்) வெளிச்சம் படட்டும். கண்ணாடியும் காதுக் கருவியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

திருப்பத்தூர், மருந்தாளுநர்:
பிள்ளைகள் கொதிக்கும் காய்ச்சலில் ராத்திரி எதையோ கண்டு அலறுவது சில நிமிடத்தில் தெளிந்துவிடும். தெளியாவிட்டாலோ, கழுத்து விறைத்தாலோ காத்திருக்க வேண்டாம். டெங்குவில் மட்டும் கணக்குத் தலைகீழ்: 3 முதல் 7 நாளுக்குள் சூடு இறங்கும்போதுதான் ஆபத்து. அப்போது பிள்ளை நிலைகொள்ளாமல் தவித்தாலும், துவண்டு தூங்கினாலும், வயிறு வலித்து விடாமல் வாந்தி எடுத்தாலும் உடனே ஆஸ்பத்திரி. டெங்கு சந்தேகம் இருக்கும்வரை இபுபுரூஃபன், ஆஸ்பிரின் இரண்டும் கேட்டு வாங்காதீர்கள். ரத்தக் கசிவு கூடும்.