காட்டேரி வராத காட்டேரிக் கதை: ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன்

1892 மார்ச்சில், அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்து எக்ஸிட்டரில், காசநோயால் இறந்த 19 வயது மெர்சி பிரவுன் காட்டேரியாகிவிட்டதாக நம்பிய ஊரார், அவள் உடலை வெளியே எடுத்து, இதயத்தில் ரத்தம் இருந்ததைக் கண்டு அதை எரித்து, சாம்பலை நீரில் கலந்து, நோயுற்றிருந்த அண்ணன் எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் அவரும் இறந்தார். இதை வைத்துக் குறுநாவல் எழுதும் நான், அந்தக் குவளை எட்வினின் உதட்டருகே வரும் பக்கத்தை ஆறு மாதமாகத் தாண்டவில்லை.

எட்வினே சொல்வதுபோல் எழுதியதைப் படித்த இருவரும் பேய்க்கதை என்றார்கள். உடலைப் பரிசோதித்த மருத்துவரின் பார்வையில் எழுதினேன். குளிர்காலத்தில் உடல் கெடாதது இயல்பே என்று அவர் விளக்கியதுமே பயம் போய்விட்டது. நம்பாமலே ஊராரின் நெருக்குதலுக்கு இணங்கிய தந்தையோ, என் கையில் வாயே திறப்பதில்லை.

எட்வின் குடிக்கும் அந்தக் காட்சியை யாருடைய கண் வழியாகச் சொன்னால், வாசகர் காட்டேரியை நம்பாமலேயே அஞ்சுவார்?