எஞ்சின் இல்லாத 1969 கமாரோ கூடு: இசட்/28 என்று நம்பி 24,000 டாலர் கொடுக்கலாமா?

கொட்டகைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓஹாயோவில் ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடக்கும் 1969ஆம் ஆண்டு செவ்ரோலே கமாரோ ஒன்றை வாங்கிப் புதுப்பிக்கலாமா என்று இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதை வண்டி என்பதைவிடக் கூடு என்பதே பொருத்தம். எஞ்சினும் கியர்பாக்ஸும் இல்லை. இருக்கைகள், மீட்டர்கள், கண்ணாடிகள், ஹீட்டர், ஒயரிங் எல்லாம் கழற்றப்பட்டுவிட்டன. கதவுகள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. பின் அச்சு மட்டும் அதன் இடத்தில் இருக்கிறது. ஏழு அட்டைப்பெட்டிகளில் உதிரி பாகங்கள் தருவதாகச் சொல்கிறார்கள்.

விற்பவர் இதை அசல் இசட்/28, அதாவது கமாரோவின் பந்தய வகை என்கிறார். 24,000 டாலர் கேட்கிறார். டேஷின் மேலுள்ள வின் எண், அதாவது வண்டியின் அடையாள எண், 124379 என்று தொடங்கி, அடுத்து 'என்' என்ற எழுத்து வருகிறது. ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உள் அறைக்கும் நடுவிலுள்ள தடுப்பு) உள்ள டிரிம் டேகில் (ஆலை விவரக் குறிகள் அடித்த தகடு) எக்ஸ்77 என்றும், பெயின்ட் எண் 72 என்றும் இருக்கின்றன. ஓடுகிற நிலையில் உள்ள இசட்/28-க்கு என்ன விலை என்பதை விலைப் புத்தகங்களில் பார்த்துக்கொள்ளலாம். இப்படி உரித்துப் போட்ட கூட்டுக்கு எந்தக் கணக்கில் விலை போடுவது?

பழையதகடு எழுதியது:

முதலில் அந்த எண் என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பார்த்துவிடுவோம். 1 என்பது செவ்ரோலே, 2 கமாரோ, 4 வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், 37 கூபே (நிலையான கூரையுள்ள இரு கதவு வண்டி), 9 என்பது 1969, 'என்' என்பது ஓஹாயோவின் நார்வுட் தொழிற்சாலை. அவ்வளவுதான். ஆறு சிலிண்டர் வண்டியாக இருந்தால் 4-க்குப் பதில் 3 இருந்திருக்கும். சாதாரண வி8 கூபேயும் இசட்/28-உம் இதே எண்ணில்தான் தொடங்கும். எனவே வின் எண்ணைக் காட்டி இசட்/28 என்று எவரும் நிரூபிக்க முடியாது.

எக்ஸ்77 என்பது இசட்/28-க்கு உரிய குறிதான். நார்வுட் ஆலை 1968 டிசம்பர் வாக்கில் இந்த எக்ஸ் குறிகளை அடிக்கத் தொடங்கியது. கலிஃபோர்னியாவின் வான் நைஸ் ஆலை அடிக்கவே இல்லை. ஆனால் அந்தத் தகட்டை யார் வேண்டுமானாலும் புதிதாக அச்சடித்து வாங்கிக்கொள்ளலாம். 1969 மாடலில் 2,43,085 கமாரோக்கள் செய்யப்பட்டன, அவற்றில் 20,302 மட்டுமே இசட்/28. இன்று இசட்/28 என்று விற்பனைக்கு வருபவற்றைப் பார்த்தால் அவை இடையில் குட்டி போட்டிருக்குமோ என்று தோன்றும்.

உங்கள் நல்ல காலம், வண்டி உரிக்கப்பட்டிருக்கிறது. முழு வண்டியில் எளிதில் காண முடியாத சான்றுகள் இதில் திறந்து கிடக்கின்றன. ஃபயர்வாலில் ஹீட்டர் பெட்டி மறைத்திருந்த இடத்தில் வின் எண்ணின் பகுதி ஒன்று அடிக்கப்பட்டிருக்கும். அது டேஷிலுள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். டேஷ் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளின் தலை ஆறு இதழ்ப் பூப்போல இருக்க வேண்டும். பின் கண்ணாடி பதிந்திருந்த பள்ளத்தில் காய்ந்த பசையைச் சுரண்டுங்கள். பெயின்ட் எண் 72 என்பது ஹக்கர் ஆரஞ்சு; அடி அடுக்கில் அந்த நிறம் தெரிய வேண்டும். கடைசியாக, இசட்/28 நான்கு கியர் மேனுவலாக மட்டுமே வந்தது. எனவே தரையில் கியர் கம்பிக்கான மேடு ஆலையில் ஸ்பாட் வெல்டிங் செய்யப்பட்டதா, பிற்காலத்தில் கையால் வெட்டி ஒட்டப்பட்டதா என்று தடவிப் பாருங்கள்.

கணக்கன் எழுதியது:

பணக் கணக்கை நான் சொல்கிறேன். இந்த மாடலில் கடையில் கிடைக்காத பொருள் மிகக் குறைவு. தரைத் தகடு, குவார்ட்டர் பேனல் (பின் சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடு), இருக்கை உறை, ஒயரிங் எல்லாம் புதிதாக வருகின்றன. டைனகார்ன் நிறுவனம் முழு உடலையே புதிதாகச் செய்து விற்கிறது. ஆகவே கூடு முழுசாக இருக்கிறது, ஏழு பெட்டி சாமான் இருக்கிறது என்பதற்காக விலையை ஏற்ற வேண்டியதில்லை. கடையில் கிடைக்காதது அந்த உடலின் பிறப்புச் சான்று ஒன்றே. நீங்கள் கொடுக்கும் பணம் அதற்குத்தான்.

அந்தச் சான்றிலும் பாதி ஏற்கெனவே போய்விட்டது. இசட்/28-இன் 302 கன அங்குல எஞ்சின், டிரான்ஸ்-ஆம் என்ற அமெரிக்கக் கார் பந்தயத்தின் ஐந்து லிட்டர் வரம்புக்காகச் செய்யப்பட்டது. அதன் முன்புறத்தில், பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் உள்ள தட்டையான இடத்தில் டிஇசட் என்ற குறியும் வண்டி எண்ணின் பகுதியும் இருக்கும். வேறொரு 302-ஐத் தேடிப் பிடித்துப் பொருத்தினாலும் அது இந்த வண்டியோடு பிறந்த எஞ்சின் ஆகாது. எனவே வேலை முடிந்தபின் கிடைக்கும் விலையை மதிப்பிடும்போது, எஞ்சின் எண்ணும் வண்டி எண்ணும் பொருந்தும் வண்டிகளின் விலையைப் பார்க்காமல், மாற்று எஞ்சினோடு விற்ற வண்டிகளின் விலையைப் பாருங்கள். அதிலிருந்து எஞ்சின், கியர்பாக்ஸ், டிங்கரிங், பெயின்ட், உள் அலங்காரம், லாரி வாடகை ஆகியவற்றைக் கழித்து, எதிர்பாராச் செலவுக்கு ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். மிச்சம் நிற்பதே கூட்டின் விலை. பெரும்பாலும் அது எதிர்மறை எண்ணாக வரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்தத் தொழிலுக்காகவே சொன்னதுபோல் இருக்கும். அப்போது இது ஆசைக்கான செலவு என்று ஒப்புக்கொண்டு வாங்குவது வேறு விஷயம்.

இசட்/28 என்று உறுதியானால் ஒரு தொகை, உறுதியாகாவிட்டால் சாதாரண வி8 கூட்டுக்கான தொகை என்று இரண்டையும் வீட்டிலேயே எழுதி வைத்துக்கொண்டு புறப்படுங்கள். டைட்டில் என்ற உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணையும் ஒப்பிட மறக்காதீர்கள்.

பட்டறைவாசி எழுதியது:

மேலே உள்ளவர்கள் துருவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முன் கண்ணாடிக்குக் கீழுள்ள காற்று வழியில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே குனிந்து பாருங்கள். நான் முதலில் வாங்கிய 1968 கூட்டில் இதைச் செய்யவில்லை; பளபளவென்று பெயின்ட் அடித்திருந்ததால் ஏமாந்தேன். பிறகு அந்தப் பகுதியைப் பிரித்து ஒட்டவே ஒரு குளிர்காலம் முழுதும் போயிற்று. பின் குவார்ட்டர் பேனலின் கீழ் ஓரத்தில் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை நகர்த்துங்கள். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் காந்தம் நழுவிவிடும். எஞ்சினைத் தாங்கும் முன் சட்டமான சப்ஃபிரேம் உடலோடு போல்ட்டில் சேரும் இடங்களை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள்.

கொட்டகைவாசி எழுதியது:

நேற்று போய்வந்தேன். ஹீட்டர் இருந்த இடத்து எண் டேஷ் எண்ணோடும் டைட்டிலோடும் பொருந்துகிறது. பூ ரிவெட்டுகளும் சரியாகவே உள்ளன. ஆனால் பின் கண்ணாடிப் பள்ளத்தில் கறுப்புக்கு அடியில் வெளிர் பச்சைதான் இருந்தது. இரண்டு மூலைகளிலும் பிரைமர் வரை சுரண்டிவிட்டேன்; ஆரஞ்சு ஒரு துளியும் இல்லை. கியர் மேட்டைச் சுற்றிக் கைவெல்டிங் திட்டுத் திட்டாக நிற்கிறது. ஊற்றிய தண்ணீரில் பாதி ஓட்டுநர் காலடியில் சொட்டியது.

இரண்டாவது தொகையைச் சொன்னேன்: 9,000 டாலர். டேக் பற்றிக் கேட்டபோது, தாம் வாங்கும்போதே அது இருந்ததாக விற்பவர் சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம். 19,000 வரை இறங்கினார். நான் என் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.